‘சார் வரலையா?’

ஐந்து மாதங்களில் மூன்று பட்டறைகளுக்கு என் காரைக் கொண்டுபோனேன். மூன்று இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி இதுதான். வண்டிக்கு என்ன என்பது இரண்டாவது கேள்வி. அதையும் ஓரிடத்தில் கேட்கவில்லை.

என் வீட்டில் ‘சார்’ என்று ஒருவர் இல்லை. இருந்தவர் அப்பா. அவர் போனபிறகு வண்டி என் பெயருக்கு மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். இன்சூரன்ஸ் கட்டுவது நான், பெட்ரோல் போடுவது நான், ஓட்டுவது நான். ஆனால் பானெட்டைத் தூக்கியதும் நான் அங்கே இல்லாமல் போகிறேன். உரிமையாளரான பெண் வெறும் ‘வண்டியைக் கொண்டுவந்த அம்மா’ ஆகிவிடுகிறாள். ஒரு பெண்ணுக்கு வாகனம் சொந்தமாக இருக்கலாம், அதைப் பற்றிய அறிவு மட்டும் சொந்தமாக இருக்கக்கூடாது என்ற ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்னுடையது 2003ஆம் ஆண்டு பெட்ரோல் கார். திருச்சியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். தினமும் போய்வர இந்த வண்டிதான். ஜனவரியில் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றினால், வாரக் கடைசியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கும். ஏறக்குறைய அரை லிட்டர். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

மார்ச் மாதம் அம்மாவோடு மதுரைக்குப் போகும்போது விராலிமலை தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டினேன். பைக்கில் வந்த ஒருவர் உதவிக்கு இறங்கினார். நல்ல மனுஷர்தான். பானெட்டைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா சத்தம் போட்டார்: “தம்பி, மூடியத் தொறக்காதீங்க! ஆவி அடங்காம குக்கரத் தொறக்குற மாதிரி ஆயிரும்!” அவர் சிரித்தார். “பாட்டி, இது குக்கர் இல்ல, காரு.”

அம்மா சொன்னது சரி. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும். நான் அவரைத் தடுத்தேன். அரை மணி நேரத்துக்கும் மேலாக ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாகத் திருச்சிக்கே திரும்பினோம். வழியெல்லாம் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் பட்டறையில், “தண்ணி பாக்காம ஓட்டிருக்கீங்க மேடம்” என்றார்கள். வாராவாரம் பார்த்து, ஊற்றி, அளவைக் குறித்து வைத்திருந்த நோட்டை நீட்டினேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல” என்றார்கள். இது நம் ஊரின் பழைய வைத்தியம். எஞ்சின் வேலை செய்ய ஒரு குறிப்பிட்ட சூடு வேண்டும். அந்தச் சூடு வரும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் அடைத்து நிற்பதுதான் தெர்மோஸ்டாட். ஏறக்குறைய எண்பது டிகிரியைத் தாண்டிய பிறகே அது திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கசிவு அப்படியே இருக்கும். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது போன்ற வைத்தியம் அது.

இரண்டாவது பட்டறைக்குப் போனபோது துணைக்கு வந்தவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியர். சைக்கிளில் பள்ளிக்கு வருபவர், வாழ்க்கையில் கார் ஓட்டியதில்லை. உரிமையாளர் கடைசிவரை அவரிடமே பேசினார். நான் கேள்வி கேட்டேன், பதில் அவருக்குப் போனது. அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரேடியேட்டர் மாற்றப்பட்டது. ரூபாய் 7,400. அடுத்த வாரமும் அரை லிட்டர் குறைந்தது.

மூன்றாவது பட்டறையில் எதையும் சோதிக்காமல் தீர்ப்பு வந்தது. “ஹெட் கேஸ்கட் போச்சு. எஞ்சின எறக்கணும். முப்பத்திரெண்டாயிரம் ஆகும்.” எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மேடம், இதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது. வீட்ல யாராச்சும் ஜென்ட்ஸ் இருந்தா பேசச் சொல்லுங்க.”

அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பதைப் பல வருடங்களாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நான் காட்டும் உதாரணம் பிரஷர் குக்கர். அந்த நிமிடம் வரை எனக்கே உறைக்காத ஒன்று அன்று உறைத்தது. ரேடியேட்டர் மூடியும் குக்கரின் வெயிட்டும் செய்வது ஒரே வேலை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, எல்லை தாண்டினால் வெளியே விடுவது. காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அதனால்தான் எஞ்சின் 100 டிகிரியை நெருங்கினாலும் கூலன்ட் கொதிப்பதில்லை. மூடி இளகினால், கேஸ்கட் நைந்தால், எங்காவது ஓட்டை விழுந்தால் அழுத்தம் நிற்காது.

இந்த நாட்டில் பெண்கள் தினமும் காலையில் ஒரு அழுத்தக்கலத்தை இயக்குகிறார்கள். விசில் வரவில்லை என்றால் எங்கே ஆவி கசிகிறது என்று காதால் கண்டுபிடிக்கிறார்கள். கேஸ்கட்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் போடுகிறார்கள். வெயிட்டின் துளையைத் துடைப்பக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்கிறார்கள். சேஃப்டி வால்வு போனால் ஒலியிலேயே தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு நம் சமூகம் வைத்திருக்கும் பெயர் ‘சமையல்’. இதே வேலையை ஒரு ஆண் கிரீஸ் படிந்த சட்டையோடு செய்தால் அதற்குப் பெயர் ‘டெக்னிக்கல்’. அறிவு ஒன்றுதான். யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயரும் கூலியும் மாறுகின்றன. அடுக்களை அறிவுக்குக் கூலியே கிடையாது.

அன்று வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. நானே தேட முடிவுசெய்தேன்.

முதலில், முப்பத்திரெண்டாயிரம் ரூபாய்த் தீர்ப்பைச் சோதித்தேன். ஹெட் கேஸ்கட் போனால் பெரும்பாலும் அது அடையாளம் காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் மோர் போல வெளிறிய பசை படியும். சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் கூலன்டில் குமிழிகள் ஓயாமல் வரும். மூன்றையும் மூன்று காலைகளில் பார்த்தேன். எதுவும் இல்லை. அந்தத் தீர்ப்பை ஓரமாக வைத்தேன்.

அடுத்து, வெளிக்கசிவு. இரவு வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன். காலையில் அட்டை உலர்ந்தே இருந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு ரப்பர் ஹோஸின் முனையையும் கிளிப்பையும் பார்த்தேன். கூலன்ட் மெதுவாகக் கசிந்து காய்ந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு தடம் இருக்கும். வாட்டர் பம்ப்பின் அடியில் இதற்கென்றே ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாக வடியும். அதுவும் சுத்தமாக இருந்தது.

பிறகு பிரஷர் டெஸ்டர். கைப்பம்ப்பும் முள் கடிகாரமும் கொண்ட எளிய கருவி. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் இதை மாட்டி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் போட்டிருக்கும் அளவுவரை அடிக்க வேண்டும். என் வண்டியின் மூடியில் 0.9 என்று இருந்தது. முள் அங்கேயே நின்றால் கசிவு இல்லை, இறங்கினால் எங்கோ போகிறது என்று பொருள். மூன்று பட்டறைகளிலும் இந்தக் கருவி சுவரில் தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. வாடகைக்கு வாங்கி வந்து அடித்தேன். பத்து நிமிடத்தில் முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வெளியே எல்லாம் காய்ந்து கிடக்கிறது, உள்ளே அழுத்தம் இறங்குகிறது. எஞ்சினுக்குள்ளும் போகவில்லை, தரையிலும் விழவில்லை. அப்படியென்றால் எங்கே?

திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொன்னார்: “நான்தான் தைலருந்து சொல்றேனேடி, என் காலடில ஈரமா இருக்குன்னு. என்னமோ இனிப்பா ஒரு வாடையும் வருது.”

தை மாதத்திலிருந்து சொல்லியிருக்கிறார். முன்சீட்டில் உட்காரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். விராலிமலையிலிருந்து திரும்பும்போது வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான். செருப்பு நனைகிறது என்றார். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிகிறது, துடைத்தால் போக மாட்டேன் என்கிறது என்றார். நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அது ஏசி தண்ணிம்மா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா.”

ஏசி தண்ணீருக்கு நிறம் இருக்காது, வாடை இருக்காது, வழுவழுப்பு இருக்காது. நான் ஒருமுறை குனிந்து தொட்டுப் பார்த்திருந்தால் போதும். அன்று மிதியடியைத் தூக்கி, அப்பாவின் பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கார்ப்பெட்டில் வைத்து அழுத்தினேன். பச்சையாக ஊறி வந்தது.

டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் காருக்குள் சூடு பரப்புவதற்கானது. திருச்சியில் யாரும் அதைப் போடுவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் பல கார்களில் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இருபது வருடத்தில் அதில் ஒரு துளை விழுந்திருக்கிறது. வாரம் அரை லிட்டர் அம்மாவின் காலடிக் கார்ப்பெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகின்றன, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். கண்ணாடியில் படிந்த பிசுக்கு அதன் ஆவி. ஐந்து மாதம் என் அம்மா அந்த வாடையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பிவரும் ஹோஸையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றாக இணைத்துவிட்டால் ஹீட்டர் கோர் வழியிலிருந்து விலகிவிடும். எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் பையன் வந்தான். “அக்கா, நீங்க சொல்ற மாதிரியே செய்றேன், பக்கத்துல நில்லுங்க” என்றான். ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளிப், அவன் கூலி, எல்லாம் சேர்த்து 650 ரூபாய். தெர்மோஸ்டாட்டையும் புதிதாக வாங்கி மாட்டச் சொன்னேன். மறுபடி டெஸ்டர் போட்டு அடித்தோம். முள் நின்றது.

இந்தக் கதையை ‘ஆண் மெக்கானிக்குகள் ஏமாற்றினார்கள், படித்த பெண் ஜெயித்தாள்’ என்று சொல்லி முடித்தால் அது பொய். முதலில் காது கொடுக்காதவள் நான். மூன்று பட்டறைகளில் எனக்கு நடந்ததை நான் என் அம்மாவுக்குச் செய்தேன். ‘உங்களுக்குப் புரியாது’ என்று அவர்கள் என்னிடம் சொன்னார்கள். ‘ஒனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று நான் அவரிடம் சொன்னேன். வண்டி ஓட்டத் தெரியாத, பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத ஒரு கிழவிக்குக் காரைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது என்று என் முதுகலைப் பட்டம் முடிவுசெய்துவிட்டது. சாட்சியின் பேச்சைக் கேட்பதற்கு முன்பே சாட்சி யார் என்று பார்த்துத் தீர்ப்பு எழுதுவதுதான் ஆணாதிக்கத்தின் வழக்கம். அதை எழுத ஆணாக இருக்க வேண்டியதில்லை.

பட்டறைத் தொழிலாளி நம் எதிரியும் இல்லை. தெருமுனைப் பையன் பதினான்கு வயதில் படிப்பை விட்டவன். யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. அண்ணன்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்றான், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், அடி வாங்கினான், கற்றுக்கொண்டான். அவனுடைய அறிவையும் இந்தச் சமூகம் மதிப்பதில்லை, ‘கை கறுப்பானவன்’ என்று ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு கிடைத்தது. அவன் அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. தகப்பன் பானெட்டைத் திறந்தால் மகன் டார்ச் பிடிக்கிறான், மகள் டீ கொண்டுவருகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த டார்ச்தான். பின்னாளில் அதையே ‘இயல்பு’ என்கிறார்கள். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் வைப்பதும் பொட்டு வைப்பதும் நாம்தான். மறுநாள் வண்டியைத் தொட்டால் மட்டும் ‘ஒனக்கெதுக்கு இந்த வேலை?’

சட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களைச் சுத்தம் செய்யவோ, எண்ணெய் போடவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளம் வயதினரையும் அனுமதிக்கக்கூடாது என்றது. பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். ஓடும் இயந்திரத்தில் கை விட்டால் ஆணின் விரலும்தான் துண்டாகும். ஆபத்து இருந்தால் ஆபத்தை நீக்க வேண்டும், எல்லோருக்கும் நீக்க வேண்டும். பெண்ணை நீக்குவது என்ன பாதுகாப்பு? வளர்ந்த பெண்ணையும் வயதுக்கு வராத பிள்ளையையும் ஒரே வாக்கியத்தில் வைத்த அந்தச் சட்டத்தின் குரலும் ‘ஜென்ட்ஸ் இருந்தா பேசச் சொல்லுங்க’ என்ற குரலும் ஒன்றுதான்.

வரலாற்றைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. உலகில் காரில் முதன்முதலாக நெடுந்தூரம் போனது ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். அந்த எஞ்சினில் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியெங்கும் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். காரின் சூட்டைச் சமாளித்தபடி நெடுஞ்சாலையில் போன முதல் ஓட்டுநர் ஒரு பெண். அந்தத் தொழிலில் அவருடைய வரதட்சணைப் பணமும் இருந்தது. ஆனாலும் கதையாகச் சொல்லும்போது தொப்பி ஊசிதான் முன்னால் வருகிறது, பொறியாளர் வருவதில்லை. அன்றைக்கும் அடுக்களைச் சாமர்த்தியம்தான்.

‘காசு கொடுத்தால் செய்கிறார்கள், இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்?’ என்று தோழிகள் கேட்கிறார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கும்தான் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். உண்மை. எங்கள் தமிழாசிரியருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும் என்று கருதியே எல்லோரும் பேசுகிறார்கள். நமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாது என்று கருதியே பேசுகிறார்கள். அவருடைய அறியாமைக்கு மரியாதை உண்டு, நம்முடைய அறிவுக்குக் கிடையாது. அதன் விலை என் கணக்கில் 7,400 ரூபாய். இன்னொருத்திக்கு முப்பத்திரெண்டாயிரம். மாதச் சம்பளத்தை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, வண்டிச் செலவுக்குக் கணவனிடம் கை நீட்டும் பெண்ணுக்கு, வண்டியையே விட்டுவிட வேண்டிய நிலை. ‘பழுதாகுது, எதுக்கு வம்பு, பஸ்ஸுலயே போ’ என்று சொல்லிவிடுவார்கள். சாவி நம் கையை விட்டுப் போவது இப்படித்தான். யாரும் பிடுங்க வேண்டியதில்லை.

‘இனி எல்லாம் மின்சாரக் கார்தானே’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பல மின்சாரக் கார்களின் பேட்டரியையும் கூலன்ட்தான் குளிர்விக்கிறது. அங்கேயும் ஹோஸ் உண்டு, கசிவும் உண்டு, ‘சார் வரலையா’வும் உண்டு.

ஒவ்வொரு பெண்ணும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆக விரும்புகிறவளுக்குப் பட்டறையில் நிற்க இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், கூலி வேண்டும் என்று கேட்கிறேன். பெண்கள் பள்ளியில் தையல் மெஷின் இருக்கும் அறையில் ஒரு பழைய எஞ்சினும் இருக்கட்டும் என்று கேட்கிறேன். மற்றவர்களுக்கு, நம்முடையதை நாம் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறங்கள். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளையும் பாருங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மூடியில் என்ன எண் என்று படியுங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தெரியும். மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டைத் தொடுங்கள். மகள் இருந்தால் டார்ச்சை அவள் கையில் கொடுங்கள். பட்டறைக்குப் போனால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள், சோதித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பணம் உங்களுடையது.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருபவர் ஏதாவது சொன்னால், வண்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நான் ஐந்து மாதம் கேட்கவில்லை.